கீசர் வெடித்து சீலிங் விழுந்துவிட்டது, எல்லாச் செலவும் வீட்டுக்காரர் தலையிலா? (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பின்வீட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் அப்பா கட்டிய வீடு. முன்வீட்டில் அம்மாவும் நானும். பின்னால் இரண்டு அறை, சமையலறை, குளியலறையோடு ஒரு அவுட்பில்டிங், அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அப்பா இருந்தவரை எல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார், குழாய் ஒழுகினால் அவரே ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எல்லாம் என் பொறுப்பு, எனக்கோ வாஷர் எது, வால்வு எது என்றுகூடத் தெரியாது.

இப்போது இருப்பவர்கள் ஒரு புருஷன் பெண்டாட்டி, கைக்குழந்தை. வந்து 14 மாதம். வாடகை 5500 ரேண்ட், அதே அளவு டெபாசிட். வாடகை தவறியதே இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு சீலிங்குக்கு மேல் இருந்த கீசர் வெடித்து, சீலிங் போர்டு அப்படியே படுக்கை மேல் விழுந்தது. தெய்வாதீனமாகக் குழந்தை அந்தப் பக்கம் படுத்திருக்கவில்லை. மெத்தை, டிவி, துணிமணி எல்லாம் நாசம். அவர்கள் கேட்பது இது: புதுக் கீசர், சீலிங், மெத்தை, டிவி, அப்புறம் வெந்நீர் இல்லாமல், ஒரு அறையைப் பூட்டிவைத்து இருந்த மூன்று வாரத்துக்கு வாடகையில் பாதி. அதோடு படுக்கையறைச் சுவர் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதையும் சரி செய்ய வேண்டுமாம்.

லீஸ் இருக்கிறது. மாமா தன் வீட்டு லீஸைப் பார்த்து எழுதிக் கொடுத்தது. அதில் “உள்ளது உள்ளபடி (ஃபுட்ஸ்டூட்ஸ்), எல்லா ரிப்பேரும் குடியிருப்பவர் செலவு” என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் காட்டி ஒரு காசும் தராதே, ரொம்பப் பேசினால் பிரீபெய்ட் கரண்ட் மீட்டரை நிறுத்திவிடு, தானாகக் கிளம்பிவிடுவார்கள் என்று மாமா சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கையில் அவ்வளவு பணமும் இல்லை. உண்மையில் எது என் பொறுப்பு, எது அவர்கள் பொறுப்பு?

பழைய பிளம்பர்:

மகளே, முதலில் மாமாவின் யோசனையை ஓரமாக வை. நான் டர்பனில் 38 வருடம் குழாய் வேலை பார்த்தவன், சட்டம் படித்தவனில்லை, கீசரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கீசர் ராத்திரியில்தான் வெடிக்கும். ஏன் தெரியுமா? ஊரே தூங்கும்போது யாரும் குழாய் திறப்பதில்லை, அதனால் மெயின் குழாயில் அழுத்தம் ஏறும். பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் இன்னும் அதிகம். சாதாரணக் கீசர் தாங்குவது 400 கிலோபாஸ்கல். அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் பிரஷர் கன்ட்ரோல் வால்வு. அந்த வால்வு பழுதானால் தொட்டி ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பும், ஒருநாள் தையல் விட்டுவிடும். உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கிறது, ஆனோடு என்பார்கள், தொட்டியைத் துரு தின்னாமல் தான் கரைந்துகொடுக்கும். அது கரைந்து முடிந்த பிறகு தொட்டியைத்தான் துரு தின்னும். அந்தக் கம்பியை மாற்றச் சொல்லி என்னைக் கூப்பிட்ட வீட்டுக்காரர்கள் இத்தனை வருடத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

நீ சொல்லாதது நாலு. கீசர் எத்தனை வருடம் பழையது? கீழே டிரிப் டிரே (சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் தட்டு) இருந்ததா, அதிலிருந்து குழாய் வீட்டுக்கு வெளியே வந்ததா? சேஃப்டி வால்வின் குழாயில் யாராவது அடைப்பான் போட்டிருந்தார்களா? (சொட்டுகிறது என்று அடைத்துவிடுவார்கள், அதைப் போல ஆபத்து வேறு இல்லை, குண்டு மாதிரி கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.) நாலாவது, வெடிப்பதற்கு முன்னால் சத்தமோ சொட்டலோ இருந்ததா?

டிரே இருந்திருந்தாலும் வெடித்தபோது காப்பாற்றியிருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். 150 லிட்டரும் ஒரே மூச்சில் கொட்டினால் டிரே என்ன செய்யும். ஆனால் முன்கூட்டியே சொட்டியிருந்தால் வெளிக்குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்து யாராவது கவனித்திருப்பார்கள். இன்னொன்று, தொட்டியில் இருந்த தண்ணீரால் வரும் சேதத்தைவிட, அதற்குப் பின் மெயினிலிருந்து வந்துகொண்டே இருக்கும் தண்ணீரால்தான் சேதம் அதிகம். ஸ்டாப்காக் (மெயின் தண்ணீரை மூடும் வால்வு) எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது காட்டிக்கொடுத்தீர்களா?

மதுரைக்காரன் உம்ஷ்லாங்காவில்:

நான் எதிர்க்கட்சி, அதாவது வாடகைக்கு இருப்பவன். வேலைக்காக இங்கே வந்து ஆறு வருடம், நாலு வீடு மாறியாகிவிட்டது.

அக்கா, நீங்கள் கேட்டதிலேயே தெரிகிறது, நீங்கள் நல்ல வீட்டுக்காரர். ஆனால் அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று வாரம் கெட்டிலில் வெந்நீர் போட்டிருக்கிறார்கள், அந்த கரண்டும் அவர்கள் மீட்டரில்தான் ஓடியிருக்கும். பாதி வாடகை கேட்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

என் கதையையும் சொல்கிறேன், அவர்களுக்கும் உதவும். எனக்கு முன்பு ஒரு வீட்டில் கூரை ஒழுகியது, வீட்டுக்காரர் போனை எடுக்கவே இல்லை. நான் கோபத்தில் இரண்டு மாத வாடகையை நிறுத்திவிட்டேன். ஊரில் அப்படித்தானே செய்வோம். பெரிய தப்பு அது. வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது, கூரை ஒழுகியதைப் பற்றி ஒரு வரி இல்லை, வாடகை பாக்கி என்று மட்டும்தான் இருந்தது. ஒழுகல் வீட்டுக்காரர் தப்பு, வாடகை நிறுத்தியது என் தப்பு, இரண்டும் தனித்தனி வழக்கு என்று அப்புறம்தான் புரிந்தது. கடைசியில் டெபாசிட்டில் பெயின்ட் அடித்த செலவு என்று பாதியைப் பிடித்துக்கொண்டார், நாலு வருடம் இருந்த வீட்டில் சுவர் மங்காமல் என்ன செய்யும்?

டிவி, மெத்தை விஷயத்தில் மட்டும் எனக்கே சந்தேகம். நான் இப்போது என் சாமான்களுக்குத் தனியாக இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரரின் இன்ஷூரன்ஸ் சுவரையும் கூரையையும்தான் பார்க்கும், என் டிவியைப் பார்க்காது.

ஃபீனிக்ஸ் ஆன்ட்டி:

நான் ஒரு வாடகை ஏஜென்சியில் 12 வருடம் இருந்தேன். வீட்டுக்காரர், குடியிருப்பவர் இரண்டு பக்கத்துத் திட்டும் வாங்கியிருக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மாமாவின் மீட்டர் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். கரண்டை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது, எதையும் கோர்ட் உத்தரவு இல்லாமல் செய்யக் கூடாது. 1998ஆம் ஆண்டின் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது தவிர, அவர்கள் அவசர மனுப் போட்டால் மறுநாளே திரும்ப இணைக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம், வழக்குச் செலவு உங்கள் தலையில். மாமாவுக்கு இதைக் கொஞ்சம் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.

அப்புறம் அந்த “ஃபுட்ஸ்டூட்ஸ்”. அது வீடு விற்கிறவர்கள் எழுதுவது. வாடகை லீஸில் அதை ஏன் எழுதுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி சாட்ஸ்வொர்த் முழுக்கப் பரவியிருக்கிறது. வாடகை வாங்குகிறவர் அந்த இடத்தைக் குடியிருக்கத் தக்க நிலையில் கொடுக்க வேண்டும், அப்படியே வைத்திருக்கவும் வேண்டும், இந்த நாட்டின் பழைய பொதுச்சட்டமே அதுதான். சின்னப் பராமரிப்பைக் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி வாங்கலாம். பல்பு மாற்றுவது, குழாய் வாஷர், தொலைத்த சாவி, எண்ணெயும் முடியும் போட்டு அடைத்துக்கொண்ட சிங்க், அவர்கள் கை பட்டு உடைந்த கண்ணாடி. ஆனால் கூரை, சுவர், கீசர், மெயின் ஒயரிங், மரவேர் புகுந்து அடைத்த டிரெய்ன் எல்லாமே அவர்கள் தலையில் என்று எழுதிவிட்டு டிரிப்யூனலில் போய் நின்றால், இது நியாயமற்ற நடைமுறையா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

டிரிப்யூனல் என்றால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாகாணத்திலும் இருப்பது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், இரண்டு தரப்பும் போகலாம். புகார் கொடுத்தால் அவர்கள் தொடர்ந்து வாடகை கட்ட வேண்டும், நீங்கள் தொடர்ந்து பராமரிக்க வேண்டும், முடிவு வரும்வரை அல்லது மூன்று மாதம் வரை, எது முந்துகிறதோ அதுவரை வெளியேற்றவும் முடியாது. டிரிப்யூனல் கொடுக்கும் தீர்ப்பு மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவுக்குச் சமம். நான் இருந்த காலத்தில் அங்கே போன முக்கால்வாசித் தகராறும் ஒரே கேள்வியில்தான் வந்து நின்றது: எப்போது சொன்னீர்கள், எழுத்தில் இருக்கிறதா?

வாடகைக் குறைப்பு கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. இரண்டு அறையில் ஒன்று பயன்படவில்லை, வெந்நீர் இல்லை என்றால் அந்த நாட்களுக்கு, இழந்த அளவுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். பாதியா, மூன்றில் ஒரு பங்கா என்பது உட்கார்ந்து பேசுவது.

டிவி, மெத்தை அவ்வளவு சுலபமில்லை. கீசர் பழுது உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வழியும் இல்லை என்றால் ஒரு பதில். தெரிந்தும் விட்டுவிட்டீர்கள் என்றால் வேறு பதில். அதனால் பிளம்பர் அங்கிளின் நாலாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

கூடவே என் கேள்விகள்: அவர்கள் குடிவந்த அன்று இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறை எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களா? டெபாசிட் எங்கே இருக்கிறது? அவுட்பில்டிங்குக்கு மாநகராட்சியில் பிளான் பாஸ் ஆகியிருக்கிறதா?

பின்வீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு ஒரு நாள் எழுதவே தோன்றவில்லை.

முதலில் எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன், வேண்டுமென்றுதான் விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வெடிப்பதற்கு ஐந்து வாரம் முன்னால் அந்தப் பெண் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். “அக்கா, ராத்திரியில் சீலிங்குக்கு மேலே ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வருது, கொஞ்சம் பாருங்க.” தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வீட்டில் விரதம் நடந்துகொண்டிருந்த நேரம், சரி பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். அப்புறம் மறந்தே போனேன்.

மற்றதற்குப் பதில். கீசர் 2009இல் போட்டது என்று அப்பாவின் ரசீதில் இருக்கிறது. டிரே இல்லை. சேஃப்டி வால்வுக் குழாய் கூரைக்கு உள்ளேயே முடிகிறது. ஸ்டாப்காக் எங்கே என்று எனக்கே அன்றைக்கு ராத்திரிதான் தெரிந்தது, பக்கத்து வீட்டு அங்கிள் வந்து மூடினார். சுற்றிப் பார்த்து எழுதியது இல்லை. டெபாசிட் அம்மாவின் பீரோவில் ரொக்கமாக இருக்கிறது. பிளானில் அவுட்பில்டிங் இருக்கிறது, அப்பா அந்த விஷயத்தில் கெட்டி. இன்ஷூரன்ஸ்காரர்கள் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீரால் வந்த சேதத்துக்குத் தருவோம், தொட்டி தேய்ந்து போனதற்குத் தர மாட்டோம் என்கிறார்கள்.

பழைய பிளம்பர்:

உண்மையைச் சொன்னாயே, அதற்காகவே உனக்கு நன்றாக வரும்.

அந்த “ஸ்ஸ்ஸ்” தொட்டியின் பொத்தலோ வால்வோ, இரண்டில் ஒன்று. அன்றைக்கே ஒரு ஆளைக் கூப்பிட்டிருந்தால் வால்வோடோ தொட்டியோடோ போயிருக்கும். சரி, போனது போகட்டும். புதுக் கீசர் போடுகிறவர் பதிவு பெற்ற பிளம்பரா பார், வேலை முடிந்ததும் குழாய் வேலைக்கான சான்றிதழ் கேட்டு வாங்கு. மலிவாக முடித்துத் தருகிறேன் என்று பக்கியில் (பிக்கப் வண்டியில்) வந்து இறங்குகிறவனிடம் அது இருக்காது, அடுத்த முறை இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். டிரே, வெளியே வரும் குழாய், பிரஷர் வால்வு, இரண்டு வேக்குவம் பிரேக்கர் (குழாயில் வெற்றிடம் வராமல் காற்றை உள்ளே விடுவது), எல்லாம் இருந்தால்தான் முறையான வேலை. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைக்கச் சொல். ஒயர் நனைந்திருக்கிறது, எலக்ட்ரிஷியன் பார்க்காமல் அந்த அறைக்கு கரண்ட் கொடுக்காதே. மின்சாரச் சான்றிதழ் வாடகைக்கு விடுகிறவர் கையில் இருக்க வேண்டியது, இல்லையென்றால் இதோடு சேர்த்து வாங்கிவிடு.

பூஞ்சை எந்தச் சுவரில்? கீழிருந்து ஏறுகிறதா, மேல் மூலையில் புள்ளி புள்ளியாக இருக்கிறதா, மஞ்சள் வளையம் போட்டிருக்கிறதா? கீழிருந்து உப்புப் பூத்து ஏறினால் தரை ஓதம். மூலையில் கறுப்புப் புள்ளி என்றால் உள்ளே துணி காயப்போட்டு, ஜன்னலைச் சாத்திவைத்து, ஆவி படிந்தது. வளையம் என்றால் மேலே எங்கோ ஒழுகுகிறது.

மதுரைக்காரன் உம்ஷ்லாங்காவில்:

இதில் நானும் ஒன்று சொல்கிறேன், நான் பட்டது. இங்கே வெயில் வடக்கிலிருந்து வரும். ஊரில் தெற்குப் பார்த்த வீடு தேடிய பழக்கத்தில் நான் தெற்குப் பக்கப் படுக்கையறையாகப் பார்த்து எடுத்தேன், அந்தச் சுவரில் வெயிலே சரியாகப் படவில்லை, அலமாரிக்குப் பின்னால் காடு மாதிரி பூத்துவிட்டது. அது வீட்டுக்காரர் தப்புமில்லை, என் தப்புமில்லை. அலமாரியை ஒரு சாண் தள்ளி வைத்ததும் பாதி சரியானது.

பின்வீட்டுக்காரி:

தெற்குச் சுவர்தான்! மேல் மூலையில் புள்ளி இருக்கிறது, ஆனால் ஒரு ஓரத்தில் மஞ்சள் வளையமும் இருக்கிறது. நேற்று ஏணி வைத்துப் பார்த்தோம். முன்வீட்டுக் கூரையின் கட்டர் (மழைத் தண்ணீர் ஓடும் தகரக் கால்வாய்) முழுக்க மாமர இலை, மழை பெய்தால் தண்ணீர் அவர்கள் சுவரில்தான் வழிகிறது.

பழைய பிளம்பர்:

அப்படியானால் வளையம் உன்னுடையது, புள்ளி அவர்களுடையது. கட்டரைச் சுத்தம் செய். முன்வீட்டுக் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதன் மேல் ஏறி நடக்காதே, பிரஷர் வாஷர் அடிக்காதே, இலையை ஈரமாக்கிக் கையுறை போட்டு எடு.

ஃபீனிக்ஸ் ஆன்ட்டி:

குரல் செய்தி இருக்கிறது என்பதால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் டிவி, மெத்தை விஷயத்தில் சண்டைக்குப் போக மாட்டேன். புது விலை தர வேண்டியதில்லை, பழைய சாமானுக்குப் பழைய சாமானின் மதிப்பு. ரசீது கேளுங்கள், படம் கேளுங்கள், ஒரு தொகைக்கு வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பீரோவில் இருக்கும் பணத்தை நாளைக்கே வங்கியில் வட்டி வரும் கணக்கில் போடுங்கள். அது சட்டம், வட்டியும் அவர்களுக்குச் சேர வேண்டியது, எப்போது வேண்டுமானாலும் கணக்கைக் காட்டச் சொல்லலாம். அவர்கள் காலி செய்யும்போது சேதம் இல்லையென்றால் 7 நாளில் திருப்ப வேண்டும், ரிப்பேருக்குப் பிடிக்க வேண்டியிருந்தால் வேலை முடிந்த 14 நாளில் ரசீதோடு மீதியைத் தர வேண்டும்.

சேர்ந்து சுற்றிப் பார்க்காமல் விட்டது உங்களுக்குத்தான் நஷ்டம். அப்படிப் பார்க்கவில்லை என்றால் வீடு நல்ல நிலையில் இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், நாளைக்கு அவர்கள் கதவையே உடைத்திருந்தாலும் டெபாசிட்டில் கைவைப்பது கஷ்டம். ரிப்பேர் முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தரம் பார்த்து, தேதி போட்டு, போனில் படம் எடுத்து வையுங்கள். அவர்கள் போகும் நாளிலும் கட்டாயம் சேர்ந்து பாருங்கள்.

பின்வீட்டுக்காரி:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். சாயங்காலம் அவர்களை முன்வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மா டீ போட்டுக் கொடுத்தாள், உட்கார்ந்து பேசினோம். குரல் செய்தியை நானே எடுத்துப் போட்டுக் காட்டி, மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள், நானும்தான். மூன்று வாரத்துக்கு வாடகையில் பாதி கழித்துக்கொள்வது, மெத்தைக்கு முழுப் பணம், டிவி ஏழு வருடம் பழையது என்பதால் அதற்கு 1500 ரேண்ட். மூன்று தவணையாகத் தருகிறேன் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். துணியை இனி வெளிக் கொடியில் காயப்போடுவதாக அவள் புருஷனே சொன்னான், நான் கேட்கக்கூட இல்லை. சீலிங் இன்ஷூரன்ஸில் போகிறது, கீசர் என் பணம். டெபாசிட் வங்கிக்குப் போய்விட்டது.

மாமா இன்னும் பேசவில்லை. அவருடைய அவுட்பில்டிங்கிலும் கீசர் 2010 வாக்கில் போட்டதுதான். பிளம்பர் சனிக்கிழமை வருகிறார், அப்படியே அங்கேயும் ஏறிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன், மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.